மூணு மணிச் சோறு

அத்தியாயம் ஏழு

கோகுலராஜுக்குக் காலையிலிருந்து ரொட்டி சானாய் தொண்டையில் இறங்கவில்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துப்பறியும் ஜனகாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த இத்தனை வருடத்தில் எந்த வழக்கும் அவன் வயிற்றைத் தொட்டதில்லை. பிணம் கிடந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே பக்கத்துக் கடையில் நாசி லெமாக் நன்றாக இருக்குமா என்று விசாரித்தவன் அவன். இன்று ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் அவர்கள் அலுவலகம். ஜனகா முன்பு காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்தவர். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், ஐம்பதை நெருங்கும் வயது, குரலை உயர்த்தியே பழக்கமில்லாத பெண்மணி. அவர் குரலைத் தாழ்த்தும்போதுதான் கோகுல் பயப்படுவான். இப்போது தாழ்த்தினார்.

"கோகுல், நீ செலண்டார் தோட்டத்துக்குப் போய் விசாரிச்ச அன்னைக்கு நல்ல மழை, இல்ல?"

"செம மழைக்கா. குடை கூடத் தாங்கல."

"காரை எங்க கழுவின?"

"கழுவவே இல்லக்கா. நேரம் எங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் கோகுலுக்குத் தான் எங்கே போய் விழுந்தோம் என்று புரிந்தது. மழை நாளில் செம்மண் பாதையில் போய் வந்த கார், கழுவாமலே கீழே நிற்கிறது. அதன் டயரில் டவுன் தூசியைத் தவிர ஒரு துளி மண் கிடையாது. அவன் வாயில் எப்போதும் தயாராக நிற்கும் வேடிக்கைப் பேச்சுகள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்று அவன் தோட்டத்துக்குப் போகவில்லை. மழை ஒரு பக்கம், தொலைக்காட்சியில் பூப்பந்து இறுதியாட்டம் ஒரு பக்கம். செலண்டாரில் பிறந்து ஜொகூரில் வேலை பார்க்கும் பவன் என்ற கூட்டாளிக்குப் போன் போட்டு, அங்கே அப்படி ஒரு சொல் உண்டா என்று கேட்டான். கேள்விப்பட்டதே இல்லை என்றான் அவன். அதை வைத்து, "செலண்டார் தோட்டத்தில் நேரில் விசாரிக்கப்பட்டது, அப்படி ஒரு சொல்வழக்கு அங்கே இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிட்டான். அந்த ஒரு வரியால் நாளைக்கு ஒரு பெண்ணுக்கு வேலை போகப் போகிறது.

வழக்கு இதுதான். பாலேந்திரன் என்ற ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிக்கு மலாக்காவில் பெரிய பெயர். தோட்டத்து மக்கள் பேசும் சொற்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போய் என்னென்ன வேலை பார்த்தது என்று சுவையாக எழுதுவார். 'கட்டை' என்ற சொல்லுக்கு மட்டும் நாலு பக்கம். வெட்டிய மரத்துண்டுதான் மூத்த கட்டை. சாலையோரம் மைல்கல் நின்ற காலத்தில் மைலுக்கும் கட்டை என்று பெயர் வந்தது. கிலோமீட்டர் வந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது, நம் ஆட்கள் இன்னும் ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்றுதான் வழி சொல்கிறார்கள். பாடுகிறவர் ஐந்து கட்டை சுருதி என்பது ஆர்மோனியத்தில் அழுத்தும் மரக்கட்டைகளால் வந்ததாம். உயிர் போனால் நாமும் ஒரு கட்டை. குள்ளமானவன் கட்டை என்பதற்குக் கோகுலுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் பெயரே அதுதான்.

கடைசியாக ஒரு பொருள் போட்டிருந்தார்: 'வெளியே போனவர் திரும்பும்வரை அவருக்காக எடுத்து மூடி வைக்கும் சோறு. செலண்டார் தோட்ட வழக்கு.'

அந்தப் பொருள் மட்டும் பொய். தன் உழைப்பைத் திருடுகிறவன் அகப்படட்டும் என்று பாலேந்திரனே தன் மேசையில் உட்கார்ந்து உண்டாக்கி வைத்த எலிப்பொறி. அதில் தேவமலர் என்ற இளம் விரிவுரையாளர் வந்து மாட்டினாள். ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவள், இதே சொல்லைப் பற்றிக் கட்டுரை எழுதி, சோற்றுப் பொருளையும் போட்டு, செலண்டார் தோட்டத்தில் ஒரு அம்மாவிடம் தானே நேரில் கேட்டதாகச் சேர்த்திருந்தாள். எங்கேயும் இல்லாத ஒன்றை எப்படிக் கேட்க முடியும்? பாலேந்திரன் அதை நிரூபிக்கத்தான் ஜனகாவை அமர்த்தினார். கோகுலின் அறிக்கை போனதும் கல்லூரி அவளை வீட்டில் உட்கார வைத்தது. நாளைக் காலைக் கூட்டத்தில் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள்.

"கையெழுத்துப் போட்டது நான்," என்றார் ஜனகா. "டயரைப் பார்த்தது கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம். பாதிப் பாவம் எனக்கு. மீதியத் தூக்கிக்கிட்டு நீ வண்டியில ஏறு."

கோகுல் ஏறினான். திட்டியிருந்தால் கூடக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

தேவமலரைப் பார்க்க, புக்கிட் பாருவில் பாலேந்திரன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீட்டைக் கடந்தபோது அவனுக்கு வடை ஞாபகம் வந்தது. வழக்கை ஒப்புக்கொள்ளப் போன அன்று, ஒரு வடையைக் கடித்த நேரத்தில் காரை நகர்த்தச் சொல்லி வெளியே யாரோ ஹார்ன் அடித்தார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தால், மீதி வடைகள் ஒரு சிறிய மரப்பலகையின் மேல் தட்டில் இருந்தன, கிண்ணத்தைக் கவிழ்த்து மூடியபடி. அத்தனை பெரிய மனிதர் தானே எழுந்து போய் எடுத்து வைத்திருக்கிறார். அவர் மனைவி சந்திராதேவி சிரித்தார். "இவருக்கு இது ஒரு பழக்கம் தம்பி. யாரும் வெளியில போனா அவையின்ட பங்கை எடுத்து மூடி வைச்சிடுவார். மேசையில வைக்கமாட்டார், இந்தப் பலகைதான் வேணும் எண்டுவார்." அன்று அதை நினைத்துக் கோகுல் நெகிழ்ந்து போய், எஞ்சிய வடைகளையும் முடித்தான். அந்த வடைக்கு நன்றியாகத்தான் அறிக்கையை அவ்வளவு சீக்கிரம் எழுதினானோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

தேவமலர் பத்து பெரண்டாமில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் வரிசை வீடு ஒன்றில் அறை எடுத்திருந்தாள். கதவைத் திறந்தவள் ஜனகாவுக்கு நாற்காலி போட்டாள். கோகுலுக்குப் போடவில்லை. அவன் நின்றபடியே, தான் தோட்டத்துக்குப் போகாமலே போனதாக எழுதியதை ஒப்புக்கொண்டான். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்து, இரண்டுக்கும் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மிஸ்டர் கோகுல், எங்க அம்மாவே கேட்டாங்க, உண்மையச் சொல்லு, பார்த்து எழுதுனியான்னு," என்றாள் அவள். "உங்க மன்னிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல எனக்குச் சோறு போட்ட அந்தம்மாவக் கண்டுபுடிங்க."

அவள் சொன்னதில் வழக்குக்கு வேண்டியது இவ்வளவுதான். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பிற்பகல், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் வாழும் லயத்துக்குப் போனாள். கடைசி வரிசையில் ஒரே ஒரு வீட்டில் ஆள் இருந்தது. எழுபது வயதுபோல ஒரு அம்மா. வாசலுக்குள்ளே ரப்பர் மரத்தை அறுத்துப் போட்ட கட்டை ஒன்று, அதன் மேல் மூடி வைத்த எவர்சில்வர் தட்டு. அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணாயிடுச்சு. இனி இந்தக் கட்டை உனக்குத்தான். உக்காந்து சாப்புடு," என்றார். அது எதற்குக் கட்டை என்று கேட்டதற்கு, வெளியே போனவனுக்கு எடுத்து வைப்பதை அப்படித்தான் சொல்வோம் என்று பதில் வந்தது. தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது, குழம்புக்கு அடியில் அவளால் படிக்க முடியவில்லை.

பெயரைக் கேட்கவில்லையா, குரலைப் பதிவு செய்யவில்லையா என்றார் ஜனகா.

"பசியோட போனேன். அவங்க சோறு போட்டாங்க. அந்த நேரத்துல போனத் தூக்கி அவங்க வாய்க்கு நேரா நீட்ட எனக்கு மனசு வரல. அடுத்த தடவ வந்து பதிவு பண்ணிக்கலாம்னு நெனச்சேன். அடுத்த தடவ போனப்ப லயமே காலி."

இதை அவள் கல்லூரி விசாரணையிலும் சொல்லியிருக்கிறாள். பெயர் தெரியாத ஒருவர் வீட்டில் சாப்பிட்டேன் என்பதைக் கேட்டு அங்கே ஒருவர் சிரித்தாராம். கோகுலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நம் ஆட்கள் இப்படித்தான். சோறு போட்டவரிடம் பெயர் கேட்பது, போட்ட சோற்றுக்கு ரசீது கேட்பதுபோல ஒரு கூச்சம்.

செலண்டாருக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். கோகுல் வண்டியை ஓட்டினான், ஜனகா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். லயத்துக்குப் போனபோது கதவுகள் இல்லாத வீடுகள்தான் நின்றன. டயர் நான்கும் செம்மண்ணில் புதைந்து எழுந்தன. ஒரு வாரம் முன்பே புதைந்திருக்க வேண்டிய மண் அது என்று கோகுல் நினைத்தான். தமிழர்கள் எல்லாரும் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் இருவர் தூரத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பெயர் இல்லை, முகவரி இல்லை. செலண்டார் சுற்று வட்டாரத்தில் எழுபது வயது அம்மாக்களுக்குப் பஞ்சமில்லை.

"உனக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார் ஜனகா.

கோகுலுக்கு மூளை வேலை செய்யவில்லை. காலையிலிருந்து காலியாகக் கிடந்த வயிறுதான் வேலை செய்தது.

"அக்கா, அந்தம்மா மணியப் பார்த்துட்டு மூணாயிடுச்சுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க? அப்படின்னா அது அன்னைக்கு மட்டும் இல்ல. தெனமும் மூணு மணி வரைக்கும் யாருக்கோ காத்திருக்காங்க. அதுக்கு மேல யாரு வந்தாலும் அவங்களுக்கு. தெனம் மூணு மணிக்கு ஒரு வீட்டுல சும்மா சோறு கெடைக்குதுன்னா, அது தெரிஞ்ச ஒருத்தன் கண்டிப்பா கரெக்டா மூணு மணிக்கு அந்தப் பக்கம் வேலை வச்சிருப்பான். நானா இருந்தா வச்சிருப்பேன்லா."

ஜனகா அன்று முதல் தடவையாக அவனைச் சிநேகமாகப் பார்த்தார். வீடுவீடாகப் போய்ப் பொருள் இறக்குகிறவர்கள் யார் யார் என்று செலண்டார் கடைத்தெருவில் கேட்டார்கள். ரொட்டி விற்கிறவர் காலையிலேயே முடித்துவிடுவார். தபால்காரர் மதியத்தோடு சரி. மிச்சம் இருந்தவர் கேஸ் சிலிண்டர் போடும் காளிதாஸ். நல்ல தொப்பையும் நல்ல மனமும் உள்ள மனிதர். மூணு மணிச் சோறு என்றதும் திருடன் அகப்பட்டதுபோல முழித்தார். லயம் காலியானதிலிருந்து அந்தம்மா பதினெட்டாங்கட்டை தாண்டித் தாமானில் இருப்பதாகவும், பெயர் மீனம்மா என்றும், தன் லாரியின் பாதையையும் அப்போதே மாற்றிக்கொண்டதாகவும் சொன்னார். இன்றைக்கு மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாகவும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார்.

மீனம்மா கம்பிக் கதவுக்குள்ளே நின்று இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். புது சிமெண்ட் வீடு. ஆனால் வாசலுக்குள்ளே அந்தப் பழைய ரப்பர் மரக்கட்டை இருந்தது. அதன் மேல் மூடிய தட்டும் இருந்தது. மணி இன்னும் மூன்று ஆகவில்லை.

"கேஸ்காரன் சொல்லி வந்தீங்களா? அவன் வயித்துல ரகசியம் நிக்காது," என்று கதவைத் திறந்தார்.

ஜனகா விஷயத்தைச் சொன்னார். சோறு சாப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு வேலை போகப் போகிறது என்று கேட்டதும் மீனம்மாவுக்கு முகம் கறுத்தது. அந்த லயத்தில் எல்லார் வீட்டிலும் கட்டை என்ற பேச்சு உண்டாம். ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவன், ஆஸ்பத்திரிக்குப் போனவன், யாராக இருந்தாலும் அவன் பங்குச் சோறு தரையில் எறும்பு ஏறாமல் கட்டை மேல் இருக்கும். சோற்றுக்கே கட்டை என்று பெயர் வந்துவிட்டது. வேறு லயத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், டவுனில் பிறந்தவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது.

கோகுலுக்கு மூச்சு வந்தது. உடனே இன்னொரு பயமும் வந்தது. புத்தகத்தில் வந்த பொய் வாய்வழியாக இங்கே வந்து சேர்ந்திருந்தால்? யாராவது அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார்களா என்று கேட்டான்.

"புஸ்தகமா? இந்தத் தட்டு எங்க தம்பியோடது. அவன் ஆறு வயசுல போனான். மறுநாள்லேர்ந்து எங்கம்மா சாகற வரைக்கும் தெனம் அவனுக்குக் கட்டை வச்சிச்சு. அப்புறம் நான் வைக்கிறேன். உன் புஸ்தகம் எப்ப வந்துச்சு?"

அறுபது வருடத்துக் கதை அது.

ஜனகா மூடியை எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தார். சோறும் கீரையும் குழம்பில் ஒரு துண்டு மீனும் இருந்தன. சோற்றை ஓரத்தில் கொஞ்சம் ஒதுக்கியபோது விளிம்பில் புள்ளிகள் தெரிந்தன. சின்னராசு.

"தம்பி எங்கம்மா போனாரு?"

"போகல. குடுத்தாங்க. தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுன கிராணி ஐயாவுக்குப் புள்ள இல்ல. அய்யாவும் அம்மாவும் நல்லவங்கதான், படிக்க வைக்கிறோம்னு கேட்டாங்க. எங்கப்பா செத்துப் போயிருந்த நேரம், எங்கம்மா ஒத்துக்கிச்சு." மீனம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் போன அன்னைக்கு எனக்கு ரெண்டு கரண்டி சோறு கூடக் கெடச்சுச்சு. எட்டு வயசு எனக்கு. சந்தோசப்பட்டேன். அத நான் யாருக்கும் சொன்னதில்ல. அதுக்குத்தான் வைக்கிறேன், வேற ஒண்ணுமில்ல."

கோகுலுக்குத் தன் அறிக்கையின் பாரம் போதாதென்று இந்த இரண்டு கரண்டிச் சோறும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"அந்தக் கிராணி ஐயா பேரு?" என்று மெல்லக் கேட்டார் ஜனகா. பதில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது என்பது கோகுலுக்குப் பிறகுதான் புரிந்தது.

"கனகரட்ணம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரங்க."

கோகுல் எழுந்து நின்றுவிட்டான். வழக்குக் கோப்பில் மனுதாரர் பெயரை அவன்தான் தட்டச்சு செய்தான். கனகரட்ணம் மகன் பாலேந்திரன்.

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று அவன் ஜனகாவிடம் கிசுகிசுத்தான்.

தெரியாது, சந்தேகம்தான் என்றார் அவர். பொய்க்கு ஓர் ஊர் வைக்க வேண்டுமென்றால் மலாக்காவில் ஊரா இல்லை? மாநிலம் முழுக்க அலைந்து சொல் திரட்டியவர், செலண்டார் பக்கம் மட்டும் தான் போனதே இல்லை என்று முதல் நாளே வலியச் சொன்னார். பொய்யை மட்டும் அந்த ஊரில் கொண்டுபோய் வைத்தார். அதோடு, கோகுல் தின்ற அந்த வடை. பலகை மேல் மூடி வைத்த வடையை அன்றே பார்த்தும், அது என்னவென்று தனக்குத் தெரியாமல் போனதாக ஜனகா சொன்னார்.

மீனம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லாருக்கானா?"

"நல்லாருக்காரும்மா. பெரிய ஆளா இருக்காரு."

அவர் அழவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, தட்டை மூடியோடு சேர்த்துக் கட்டினார்.

"வரச் சொல்லி நான் கேக்க மாட்டேன். சாப்புடட்டும். தட்ட மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. நாளைக்கு வேணும்."

புக்கிட் பாருவுக்குத் திரும்பும்வரை கோகுல் அந்தத் துண்டு முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டியை ஜனகா ஓட்டினார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் குழம்பு சிந்திவிடுமோ என்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பாலேந்திரன் வெள்ளைச் சட்டையோடு வாசலுக்கே வந்து வரவேற்றார். நாளைக் கூட்டத்துக்குத் தான் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துவிட்டதாகச் சொன்னார். இப்படிப்பட்ட திருட்டுக்கு ஒரு பாடம் வேண்டும் என்றார். ஜனகா முடிச்சை அவிழ்த்து, தட்டை மேசையில் வைத்தார். சந்திராதேவி தேநீர்க் கோப்பைகளோடு வந்து, இதென்ன சாப்பாடு என்று கேட்டார்.

"செலண்டார்லேர்ந்து வருது," என்றார் ஜனகா. "அங்க இதுக்குக் கட்டைன்னு பேர். நீங்க உங்க மேசையில உக்காந்து எழுதினீங்களே, அந்தப் பொருள். நீங்க இல்லாத ஒண்ண உண்டாக்கல ஐயா. ஆறு வயசு வரைக்கும் கேட்டத எழுதியிருக்கீங்க."

பாலேந்திரன் சிரிக்கப் பார்த்தார். கண் தட்டின் விளிம்புக்குப் போனது. சுட்டுவிரலை நீட்டி, கண் தெரியாதவர் தடவுவதுபோல அந்தப் புள்ளிகளைத் தடவினார். பெயர் முடியும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சத்தியமா நான் கற்பனைன்னுதான் நெனச்சேன்," என்றார். அவர் குரலில் இருந்த அதிகாரியைக் காணவில்லை. "என்னப் பெத்தவங்க ஒரு தடவை வந்தாங்க. நான் ஸ்கூல் முடிக்கிற வருஷம். கேட்ல கூட்டாளிங்களோட நின்னுக்கிட்டு இருந்தேன். யாருடான்னு கேட்டானுங்க. வேலைக்காரப் பொம்பளைன்னு சொன்னேன். அவங்க காதுல விழுந்துச்சு. வாழைப்பழச் சீப்ப கேட் மேல வச்சுட்டுப் போயிட்டாங்க." அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் செலண்டாருக்குப் போவேன்? வேற எல்லாத் தோட்டத்துக்கும் போனேன். எல்லா அம்மாவும் பேசறத எழுதினேன்."

சந்திராதேவி கோப்பைகளைக் கீழே வைத்தார். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது. அலமாரிப் பக்கம் சாய்த்து வைத்திருந்த அந்த மரப்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்பா கோவிலில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்றுதான் தன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருப்பதாகப் பாலேந்திரன் சொன்னார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். கல்லூரிக்கு என்னவென்று சொல்வது என்று அவர் கேட்டபோது, கோகுலுக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. காலையில் டயர் விஷயத்தில் அகப்பட்டபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்கய்யா," என்றான். "நானும் நாளைக்கு வந்து சொல்றேன். தோட்டத்துக்குப் போகாமலே போனேன்னு எழுதினவன் நான்தான்னு."

பாலேந்திரன் போனை எடுத்தார். கல்லூரித் தலைவரிடம் அவர் பேசியது அதிகமில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பெண் திருடவில்லை, அந்தச் சொல் என் அம்மாவுடையது, நாளைக்கு நேரில் வந்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அம்மா என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை நின்று, மறுபடி சொன்னார்.

கோகுல் வெளியே போய்த் தேவமலரை அழைத்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள். மீனம்மா என்றான். அவள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, நாளைக்கு வருகிறேன் என்று சொன்னது நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

உள்ளே வந்தபோது மேசை காலியாக இருந்தது. சமையலறையில் பாலேந்திரன் சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தத் தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சந்திராதேவி நின்றிருந்தார். மேசைக்கு அருகில் தரையில் மரப்பலகையும், அதன் மேல் கிண்ணத்தால் கவிழ்த்து மூடிய ஒரு சின்னத் தட்டும் இருந்தன.

"வெளிய போயிட்டியே, உனக்கு எடுத்து வச்சிருக்கேன்," என்றார் பாலேந்திரன். "சாப்புடு தம்பி. சாப்புட்டுட்டு என்னைச் செலண்டாருக்குக் கூட்டிட்டுப் போ. தட்டு நாளைக்கு வேணும்னு அக்கா சொல்லுச்சாமே."

கோகுல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிண்ணத்தை நிமிர்த்தினான். ஆறிப்போன சோறும், மீனில் பாதியும் இருந்தன. காலையிலிருந்து இறங்காத தொண்டையில் முதல் கவளம் மெதுவாக இறங்கியது.